வழிமொழிய ஒருவர்

அந்த மேசையின் விளிம்பு என் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே வரும். மேற்பரப்பில் வெள்ளைத் தகடு ஒட்டியிருந்தார்கள். தலைக்கு மேல் தாழ்வாகத் தொங்கிய குழல் விளக்குகள் பகலிலும் எரிந்துகொண்டிருக்கும். வெள்ளைப் பரப்பின்மேல் வெள்ளை வெளிச்சம் விழுந்தால் பனியன் துணியிலுள்ள ஊசி ஓட்டையும் எண்ணெய்ப் பொட்டும் கண்ணுக்குத் தப்பா என்பது ஏற்பாடு. தைத்து முடிந்த ஆடைகள் இடப்புறம் குவிந்திருக்கும். ஒன்றை இழுத்து விரித்து, கழுத்து, தோள், பக்கத் தையல், கீழ்மடிப்பு என்று கண்ணால் ஒருமுறை சுற்றிவந்து, பழுதிருந்தால் சிவப்பு அம்புக்குறி ஒட்டி ஒரு பக்கமும் இல்லாவிட்டால் மறுபக்கமும் தள்ள வேண்டும். அந்த மேசைக்கு நாற்காலி கிடையாது. இருந்தாலும் பயனிராது. சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் விளிம்பு முகத்துக்கு நேராக வந்துவிடும். நின்றுகொண்டு வேலை செய்வதற்கென்றே அளவெடுத்து அடித்த மேசை அது.

அதை மறுபடி நினைக்க நேர்ந்தது ஒரு கருத்தரங்கக் கட்டுரையால். பொதுவாழ்வில் வழங்கும் கலைச்சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் பொருளையும் பிறப்பையும் ஆராயுமாறு எங்கள் துறையில் பணித்தார்கள். நான் எடுத்துக்கொண்ட சொல் முன்மொழிதல். தேர்தலிலும் கூட்டங்களிலும் ஒருவரை வேட்பாளராக அவைக்கு எடுத்துரைக்கும் செயலுக்கு உரிய சொல். முன் என்பது இடத்தால் எதிரே என்றும் காலத்தால் முதலில் என்றும் பொருள்படும். ஆகவே முன்மொழிதல் என்பது பலர் எதிரே, பிறர் எவரும் சொல்வதற்கு முந்தி, ஒன்றைச் சொல்லுதல். இதே செயலுக்கு முந்தைய தலைமுறையினர் பிரேரணை என்றார்கள். அது வடமொழி, உந்தித் தள்ளுதல் என்பது அதன் அடிப்பொருள். முன்மொழிந்ததை ஏற்று இரண்டாமவர் சொல்வதை ஆமோதித்தல் என்றார்கள். ஆமோதம் என்றால் மகிழ்ச்சி. மணம் என்றும் பொருளுண்டு. பின்னர் தமிழ்ச்சொற்களை நாடிய காலத்தில் ஆமோதித்தலின் இடத்துக்கு வழிமொழிதல் வந்தது. அது புதிதாகச் செய்த சொல்லன்று. ஒருவர் சொன்ன வழியே தானும் சொல்லுதல் என்பதோடு, வலியவர் முன்னால் பணிந்து பேசுதல் என்ற பொருளிலும் பழந்தமிழில் வழங்கியிருக்கிறது.

வேட்பாளர் என்ற சொல்லையும் தொட்டிருந்தேன். வேள் என்னும் வேருக்கு விரும்புதல் என்று பொருள். வேட்கை அதிலிருந்து கிளைத்தது. எனவே வேட்பாளர் என்பவர் விரும்புகிறவர். ஆயினும் பல அவைகளில் விரும்புகிறவர் தம் பெயரைத் தாமே சொல்லிக்கொள்ள வழக்கம் இடம்கொடுப்பதில்லை. விருப்பம் ஒருவருடையதாகவும் வாய் இன்னொருவருடையதாகவும் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். கட்டுரையைத் திருத்திய பேராசிரியர் ஓரத்தில், பொருள் விளக்கம் சரி, பயன்பாட்டுக்குச் சான்று போதவில்லை என்று குறித்திருந்தார். சான்று ஒன்று என்னிடம் இருந்தது. கருத்தரங்கக் கட்டுரைக்குள் அதற்கு இடமில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த ஆண்டில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு இன்னொரு சம்பளம் தேவைப்பட்டதால் கல்லூரி ஓராண்டு தள்ளிப்போயிற்று. ராயபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து ஒரு பின்னலாடை நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் சொல்லி, அங்கே செக்கிங் பகுதியில் சேர்ந்தேன். என்னை நிறுத்திய மேசையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்தாம் செக்கிங் அக்கா. அந்தப் பகுதியில் எல்லோரும் செக்கிங் வேலை பார்த்தவர்களே. ஆனாலும் செக்கிங் அக்கா என்றால் அவர் ஒருவரைத்தான் குறிக்கும். என் அம்மாவைவிடச் சில வயது மூத்தவர். அவிநாசிப் பக்கத்திலிருந்து நிறுவனத்தின் வேனில் வருவார். கணவரை இழந்தவர், ஒரே மகளை உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்.

முதல் நாள் அவர் என்னை ஏறிட்டுப் பார்க்காமலே கேட்டார்.

"எத்தன நாளைக்குக் கண்ணு வந்துருக்கறே?"

"காலேஜ் சேர்ற வரைக்குங்க."

"அப்பச் சரி. செருப்பக் கழட்டிராதே. வெறுங்கால்ல நின்னா சில்லுப்பு மேல ஏறும். அப்பறம் எறங்காது."

ஏறிய ஒன்று அவர் கால்களில் இறங்காமல் இருந்தது. சேலையைச் சற்று உயர்த்திச் செருகியிருக்கும்போது, கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்து முடிச்சிட்டுக் கிடப்பது தெரியும். டி-சர்ட்டின் கழுத்துக்கு வைக்கும், இழுத்தால் நீளும் ரிப் துணியில் வெட்டி எறிந்த நீளத் துண்டுகளை எடுத்துக் காலில் இறுக்கமாகச் சுற்றியிருப்பார். ஒரு நாள் நீலம், ஒரு நாள் சிவப்பு. அன்றைக்கு எந்த ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறம். மதியத்துக்கு மேல் ஒரு காலை மடக்கி மற்றதில் நிற்பார், பிறகு மாற்றிக்கொள்வார். எதிர்மேசையில் நின்ற அக்கா அவருக்கு நெருங்கிய தோழி. ஒரே வேனில் வருபவர், குழம்பை மாற்றிக்கொண்டு சாப்பிடுபவர். அவர்தாம் கேலியைத் தொடங்குவார்.

"கொக்கு மீனுக்கு நிக்குது. நம்ம அக்கா பீசுக்கு நிக்குது பாருங்க."

"கொக்குக்காச்சும் றெக்கை இருக்குதுங்க," என்பார் செக்கிங் அக்கா. கை நிற்காது.

மாலையில் வேலை முடியும்போது அவருக்கு முழங்காலுக்குக் கீழே உணர்வு இருக்காது. குண்டூசியால் குத்தினாலும் தெரியாது என்று சொல்லி, சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி எங்கள் முன்னால் ஒருமுறை குத்தியும் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அரசு மருத்துவமனையில் பார்த்த மருத்துவர், நிற்கும் வேலை கூடாது, உட்கார்ந்து செய்யும்படி ஏதாவது பாருங்கள் என்று சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். அதனால் அவர் வேலையை மாற்ற நினைக்கவில்லை. உட்காருவதற்கு வழி என்ன என்று நினைத்தார். பேக்கரிகளில் டீ குடிக்க வருகிறவர்களுக்காகப் போட்டிருக்கும் உயரமான ஸ்டூல் அவர் கண்ணில் பட்டது. அந்த உயரம் இருந்தால் மேசைக்குச் சரியாக வரும். வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டி, ஆடையை இழுத்து விரிப்பது போலச் செய்து பார்த்திருக்கிறார். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னார்.

மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். உட்கார்ந்தால் கண் அசந்துவிடும், ஆடையின் கீழ்ப்பகுதி கவனத்தில் வராது என்று பதில் கிடைத்தது. மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. அதற்குள் அவருக்கு வேறொரு வழி தெரிந்திருந்தது.

வெளிநாட்டில் எங்கள் ஆடைகளை வாங்குகிற நிறுவனத்தார் ஆண்டுக்கு ஒருமுறை ஆள் அனுப்பித் தொழிற்சாலையைப் பார்வையிடுவார்கள். ஆடிட் என்போம். அது நெருங்குவதைச் சுவரொட்டி இல்லாமலே அறியலாம். கழிப்பறையில் சோப்பு வரும், தையல் பகுதியில் எல்லோருக்கும் முகக்கவசம் வரும், முதலுதவிப் பெட்டியின் பூட்டுக்குச் சாவி வரும். "தீவாளி நோம்பிக்குப் போனஸு, ஆடிட்டுக்குச் சோப்பு" என்பது எங்கள் பகுதியில் வழங்கிய பழமொழி. வந்தவர்கள் போனபின் சோப்பும் போய்விடும். இவற்றோடு வருவது தொழிலாளர் குழு. தொழிலாளர்கள் தமக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்பது வாங்குவோர் விதி. ஆடிட்டுக்கு முன்பு சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். யார் பெயர், அதை யார் சொல்வது என்பதெல்லாம் மனிதவளப் பிரிவு அதிகாரி முன்கூட்டியே முடிவு செய்திருப்பார். நாங்கள் அவரை ஹெச்.ஆர். சார் என்போம். மதுரைப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

முந்தைய ஆண்டில் செக்கிங் பகுதிப் பிரதிநிதியாக இருந்த பெண் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஆடிட்டுக்கு வந்த அம்மாள் குழுவினரை ஒவ்வொருவராகத் தனியறைக்கு அழைத்து, ஹெச்.ஆர். சாரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஏதாவது குறை உண்டா என்று கேட்டாராம். இவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம். செக்கிங் அக்கா அந்தச் செய்தியைப் பல நாள் வைத்திருந்து என்னிடம் சொன்னார்.

"கேக்கறாங்களாமா கண்ணு. கதவச் சாத்திட்டுக் கேக்கறாங்களாமா. என்ன வேணும்னு கேக்கறப்ப அந்தப் புள்ள ஒண்ணுமில்லீங்கன்னுட்டு வந்துருக்குது."

அன்றுமுதல் அவர் அந்த அறைக்குள் போக விரும்பினார். அதைத் தவிர வேறெதையும் அவர் விரும்பி நான் கண்டதில்லை. பதவியில் அவருக்கு நாட்டமில்லை. கூட்டத்தில் எழுந்து நிற்கவே கூசுகிறவர். கதவு சாத்திய அறைக்குள் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், செக்கிங் மேசைக்கு உயரமான ஸ்டூல் வேண்டும் என்று. அதைச் சொல்வதற்கு இருந்த ஒரே வாயில் அந்தக் குழு. ஆண்டுகள் கடந்தால் கால் தாங்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஹெச்.ஆர். சாரிடம் போய், தம் பெயரைத் தாமே கொடுக்கலாமா என்று கேட்டார். நானும் அப்போது அங்கே வருகைப்பதிவுக்காக நின்றிருந்தேன். "அது முறையில்லம்மா," என்றார் அவர், புன்னகையோடு. "நம்ம பேரை நாமளே சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கும்? இன்னொருத்தர் சொல்லணும்மா." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ப்ளஸ் டூவுல தமிழ்ல நல்ல மார்க்குல்ல? இந்தத் தடவை நீயே முன்மொழிஞ்சிரு. சுத்தமாச் சொல்லுவ," என்று ஒரு பெயரைச் சொன்னார். மேற்பார்வையாளருக்கு உறவான, எங்கள் பகுதிக்கு வந்து சில மாதமே ஆன ஒரு பெண்ணின் பெயர். சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் அவரே சொல்லித்தந்தார். முன்மொழிதல் என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் மதியம் செக்கிங் அக்கா என் டிபன் பாத்திரத்தில் தம் வீட்டுக் கத்தரிக்காய்ப் பொரியலை வைத்தார். எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் நேராகக் கேட்டுவிட மாட்டார்கள். கேட்டு, மற்றவர் மறுக்க நேர்ந்தால், அந்தச் சங்கடத்தை அவருக்குக் கொடுத்ததாக ஆகும். ஆகவே கேட்காமல் கேட்பதற்கு வழிகள் உண்டு.

"அந்தப் பேரச் சொல்ற எடத்துல," என்றார், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, "என்ற பேரு இருந்துச்சுன்னா எப்புடிக் கண்ணு இருக்கும்?"

"நல்லா இருக்குமுங்க அக்கா."

"நீ காலேஜுக்குப் போயிருவே. இங்கயே பொழைக்கறவங்க வாயில அது வராது. அதனாலதாங் கண்ணு."

"சரிங்க அக்கா."

அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. அவருடைய முழுப்பெயர் என்ன என்று அப்போதுதான் கேட்டறிந்தேன். மீதி நாள்களில் அவர் செக்கிங் பகுதிப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசினார். எல்லோரும் கை தூக்குவதாகச் சொன்னார்கள். பொய்யாகச் சொன்னவர்கள் என்று நான் நினைக்கவில்லை. எதிர்மேசை அக்கா, "ஒரு கையென்னங்க, ரெண்டு கையும் தூக்கறனுங்க. சேலை நழுவுனா நீங்கதான் புடிச்சுக்கோணும்," என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தப் பேச்சே ஒரு கட்சிப்பிரசாரம் போல இரண்டு மூன்று நாள் அங்கே வளையவந்தது. செக்கிங் அக்கா கைகளைச் சேர்த்துவிட்டார். முன்மொழிந்ததற்குப் பின், கைகளுக்கு முன், இன்னொரு வாய் தேவை என்பது அவருக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் அந்த வாயையும் ஹெச்.ஆர். சாரே ஏற்பாடு செய்துவிடுவார். அது ஒரு தனிப்படி என்று நாங்கள் கவனித்ததே இல்லை.

கூட்ட நாளில் சாப்பாட்டுக் கூடத்தின் மேசைகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். பேனர் கட்டியிருந்தது. புகைப்படம் எடுக்க அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். தட்டுகளில் லட்டும் மிக்சரும் மூடி வைத்திருந்தார்கள். தையல், கட்டிங், அயர்னிங் பகுதிகளின் பெயர்கள் முறைப்படி முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, கைகள் உயர்ந்து, கைதட்டலில் முடிந்தன. செக்கிங் பகுதி என்று அழைத்ததும் நான் மைக்குக்கு முன்னால் போனேன். பயம் என்று எதையும் உணர்ந்ததாக நினைவில்லை. செக்கிங் பகுதியின் பிரதிநிதியாக இன்னாரை முன்மொழிகிறேன் என்று, செக்கிங் அக்காவின் முழுப்பெயரை எழுத்துப் பிசகாமல் சொன்னேன். அந்தப் பெயர் யாருடையது என்று தையல் பகுதியில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பகுதிக் கைகள் எழத் தொடங்கின. பெரும்பாலும் எல்லாக் கைகளும். சில தோள்வரை வந்துவிட்டன.

"கை அப்புறம்மா," என்றார் ஹெச்.ஆர். சார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "முதல்ல ஒருத்தர் வழிமொழியணும். யாரும்மா வழிமொழியிறது? பேரைச் சொல்லுங்க, மினிட்ஸ்ல எழுதிக்கிடணும்."

எழுந்த கைகள் அந்தந்த உயரத்தில் ஒரு கணம் நின்றன. பிறகு இறங்கின. ஒரே சமயத்தில் இறங்கவில்லை. முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு, ஒன்றைப் பார்த்து ஒன்றாக. கூட்டத்தோடு கூட்டமாக உயரும் கைக்குப் பெயர் கிடையாது. வழிமொழிகிறவருக்குப் பெயர் உண்டு. கூரைக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. செக்கிங் அக்கா எதிர்மேசை அக்காவைப் பார்த்தார். எதிர்மேசை அக்கா முந்தானை நுனியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த பஞ்சுத்தூசியை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் அந்த மாதம்தான் பேக்கிங் பகுதியில் சேர்ந்திருந்தாள். வேலை நிரந்தரமாவது ஹெச்.ஆர். சாரின் கையில் இருந்தது. இது செக்கிங் அக்காவுக்கும் தெரியும். அவர் பார்வையை விலக்கிக்கொண்டார்.

"யாராச்சும் இருக்கீங்களாம்மா?"

ஹெச்.ஆர். சார் கையிலிருந்த தாளைத் திருப்பினார்.

"சரிம்மா. வழிமொழிய ஆளில்லாததால அடுத்த பேருக்குப் போயிருவோம்."

மேற்பார்வையாளர் எழுந்து, எனக்கு முதலில் தரப்பட்டிருந்த பெயரை முன்மொழிந்தார். அதன்பிறகு நடந்ததை நான் எவ்வளவு எண்ணிப் பார்த்தும், அதில் கோபத்தின் சாயலோ பழிதீர்க்கும் எண்ணமோ இருந்ததாகச் சொல்ல முடியவில்லை. ஹெச்.ஆர். சார் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாக, "அக்கா, இந்தப் பகுதிக்கே நீங்கதான் மூத்தவங்க. நீங்களே வழிமொழிஞ்சிருங்க. ஒரு மனஸ்தாபமும் இல்லாம முடிஞ்சிரும். இங்கிட்டு வாங்கக்கா," என்றார்.

செக்கிங் அக்கா எழுந்து மைக்வரை நடந்து வந்தார். நான் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"வழிமொழியறனுங்க."

"பேரோட சொல்லுங்கக்கா."

பெயரோடு சொன்னார். குரல் தெளிவாக இருந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன, அவருடைய கையும். புகைப்படம் எடுத்தார்கள். முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் பிரதிநிதியின் இருபுறமும் நிற்க வேண்டும் என்று சொல்லி, அவரை வலப்புறம் நிறுத்தினார்கள். இடப்புறம் மேற்பார்வையாளர் நின்றார்.

மேசைக்குத் திரும்பியதும் அவர் காலில் சுற்றியிருந்த ரிப் துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். அன்றைக்குப் பச்சை. குவியலிலிருந்து ஒன்றை இழுத்தார். கழுத்து, தோள், பக்கத் தையல், கீழ்மடிப்பு. நானும் ஒன்றை இழுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை; வர வேண்டும் என்றும் தோன்றவில்லை. விரல்கள் தம்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து எதிர்மேசை அக்கா, தலையை நிமிர்த்தாமல், "சாயந்தரம் வண்டியில எடம் புடிச்சு வெக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"வெய்யுங்க," என்றார் செக்கிங் அக்கா.

தட்டில் மீந்திருந்த லட்டை யாரோ கொண்டுவந்து, "வழிமொழிஞ்சவங்களுக்கு ரெண்டுங்க அக்கா," என்று வைத்துவிட்டுப் போனார்கள். அவர் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். இருவரும் தின்றோம். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஹெச்.ஆர். சார் மறுநாள் காலையிலும் வழக்கம்போல என் வணக்கத்துக்குத் தலையசைத்தார். நான் பொருட்படுத்தத் தக்கவளல்லள் என்பது அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

ஆடிட் வந்தது. சோப்பு வந்தது. பிரதிநிதிப் பெண் அறைக்குள் போய்த் திரும்பி வந்தாள். செக்கிங் அக்கா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே மேசைக்கு வந்து நின்றாள்.

"கொறை ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டாங்க அக்கா. உங்க காலு எனக்கு ஞாபகம் வந்துச்சுங்க. சொல்லீரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. அதுக்குள்ள அந்தம்மா தேங்க்யூன்னுட்டாங்க."

"பரவால்ல கண்ணு. போயி வேலையப் பாரு," என்றார் அவர்.

சில மாதம் கழித்து நான் கல்லூரியில் சேர்ந்தேன். அம்மாவுக்கு உடம்பு தேறியிருந்தது. செக்கிங் அக்காவிடம் விடைபெற்றபோது அவர் என் கையில் வெள்ளை டி-சர்ட் ஒன்றைக் கொடுத்து, அதில் பழுதைக் கண்டுபிடி என்றார். தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றேன். "இல்லதான். சும்மா கேட்டேன்," என்று சிரித்தார். படிப்பு, நூலகம், தேர்வு என்று எனக்கு நாள்கள் போயின. அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார் என்பதை, ராயபுரம் கடைவீதியில் எதிர்மேசை அக்காவின் மகளைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். காலில் புண் வந்து ஆறவில்லை என்றாள்.

கருத்தரங்கு முடிந்த வாரம் அவரைப் பார்க்கப் போனேன். அவிநாசியைத் தாண்டி, ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் ஒன்று அவருடைய வீடு. கதவு திறந்திருந்தது. தரையில் பாயை விரித்து, சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் மருத்துவமனைக் கட்டு. சுற்றிலும் டி-சர்ட் மூட்டைகள். தையலில் தொங்கும் நூல் பிசிறுகளைச் சிறு கத்தரியால் வெட்டிக்கொடுக்கும் வேலை, எண்ணிக்கைக்குக் கூலி. எதிர்மேசை அக்கா வாரக் கடைசியில் வந்து மூட்டையைக் கொடுத்து எடுத்துப் போவதாகச் சொன்னார். நானும் எதிரே உட்கார்ந்து, இன்னொரு கத்தரியை எடுத்துக்கொண்டேன்.

முன்மொழிதல் பற்றிக் கட்டுரை எழுதியதைச் சொன்னேன்.

"அதுக்கெல்லாமா பாடம் வெச்சுருக்கறாங்க?" என்றார்.

"ஆமாங்க அக்கா. சொல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கறதுங்க."

"பாத்து?"

"எழுதிக் குடுக்கறதுங்க."

அவர் தலையசைத்துக்கொண்டார். பிசிறுகள் எங்கள் மடியில் விழுந்துகொண்டிருந்தன. வேறெதையோ சொல்வதுபோல அவர் சொன்னார்.

"ஸ்டூலு வந்துருச்சாமா கண்ணு."

"எங்கீங்க அக்கா?"

"கம்பெனிக்குத்தான். செக்கிங் மேசை அத்தனைக்கும். உசரமா, கால் வெக்கக் கம்பி போட்டு. ஆடிட்டு முடிஞ்சும் திருப்பி எடுக்கலையாமா. எதுத்த மேசைக்காரிதாஞ் சொன்னா. அவளுக்குக் கெடச்சது மட்டும் ஒரு கால் ஆடுதாமா, அட்டைய மடிச்சு வெச்சு உக்காந்துக்கறாளாம்."

"யாருங்க அக்கா கேட்டாங்க?"

"ஆரும் கேக்கலையாமா. மேல இருந்தே வந்துச்சாம்."

அவர் முகத்தில் வருத்தமோ நிறைவோ எதையும் நான் காணவில்லை. என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த ஆடையின் கழுத்தைத் திருப்பி, உள்பக்கத்து நூல் ஒன்றை வெட்டினேன். அவர் வெட்டி முடித்தவற்றை முழங்காலில் வைத்து நீவி அடுக்கினார். வெளியே வேன் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அறைக்குள் வெளிச்சம் குறைந்தது. விளக்கைப் போட எழ முயன்றவர், எழ முடியாமல் மறுபடி சாய்ந்துகொண்டார்.

"சித்த கையக் குடு கண்ணு. உக்காந்தே இருக்கறதுல ரெண்டு காலும் மரத்துப் போச்சு."

கையைக் கொடுத்தேன். பாதி என்னையும் பாதி சுவரையும் பற்றிக்கொண்டு எழுந்தார். கட்டுப்போட்ட காலைத் தரையில் மெதுவாக ஊன்றிப் பார்த்தார். விளக்கைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"இரு, போட்டுக்கலாம். சித்த நேரம் நின்னாச் சரியாப் போயிரும்," என்றார்.

நின்றோம்.